குழுக் கையொப்பமும் நம் ஊர் எம்.சி. சிலிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் கணினி வேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. போலி எம்.சி. (டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), பேனல் கிளினிக் (முதலாளி செலவை ஏற்கும் கிளினிக்) பில் என்று பேச்சு வந்தால் 'குழுக் கையொப்பம்' என்ற மறையாக்க முறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டேன். உடனே கேள்விகள் கிளம்பும். கேட்பவர் கிராணியாக (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) இருந்தாலும், கிளினிக் தாதியாக இருந்தாலும், குலை வெட்டுகிறவராக இருந்தாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நம் தோட்டங்களில் இந்த முறை இன்னும் வரவில்லை. வந்தால் எப்படி இருக்கும், எங்கே இடிக்கும் என்பதுதான் கீழே இருப்பது.

1. "குழுக் கையொப்பம்னா என்ன தம்பி? வாட்ஸ்அப் குரூப் மாதிரியா?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கூட்டத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் கூட்டத்தின் பேரில் கையெழுத்துப் போடலாம். அது அந்தக் கூட்டத்தில் ஒருவர் போட்டதுதான் என்று பார்ப்பவருக்கு உறுதியாகத் தெரியும். யார் போட்டது என்று தெரியாது. தகராறு வந்தால் மட்டும், அதற்கென்று நியமித்த ஒரு தரப்பு, அதாவது 'திறப்பாளர்', அந்தக் கையெழுத்தைத் திறந்து ஆளைக் கண்டுபிடிக்கும்.

நம் விஷயத்தில் கூட்டம் என்பது மலேசியாவில் பதிவு பெற்ற மருத்துவர்கள் அத்தனை பேரும். எம்.சி. சிலிப்பில் டாக்டர் பெயரும் கிளினிக் முத்திரையும் இருக்கும் இடத்தில் ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். கிராணி ஸ்கேன் செய்தால் 'பதிவு பெற்ற மருத்துவர் கொடுத்தது, பிறகு யாரும் திருத்தவில்லை' என்று வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது.

2. "டாக்டர் பேரை எதுக்கு மறைக்கணும்? ஒளிக்கிறவன்தானே திருடன்?"

டாக்டருக்காக மறைக்கவில்லை, நோயாளிக்காக மறைக்கிறோம். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் பகாகியா மருத்துவமனை 1911 முதல் மனநல மருத்துவமனை. நம் வட்டாரத்தில் அந்த ஊர் பெயரைச் சொன்னாலே ஒரு கேலிச் சிரிப்பு வரும். மனம் சரியில்லாமல் அங்கே போய் வந்த தொழிலாளி சிலிப்பை ஆபீசில் நீட்டுகிறார் என்று வையுங்கள். நோயின் பெயரை யாரும் எழுத வேண்டாம், முத்திரையே சொல்லிவிடும். மத்தியானத்துக்குள் லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) முழுக்கத் தெரிந்திருக்கும். டயாலிசிஸ் நிலையம், காசநோய்ப் பிரிவு, மகப்பேறு கிளினிக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இதற்குப் பயந்து சிலர் போக வேண்டிய இடத்துக்கே போவதில்லை. சிலர் அங்கே போய்விட்டு, இன்னொரு கிளினிக்கில் 'காய்ச்சல்' என்று வேறு ஒரு சிலிப் வாங்கி ஆபீசில் கொடுக்கிறார்கள். மோசடி என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு வெட்கத்தால் வருவது என்பது என் எண்ணம். ஆள் உண்மையில் ஒரு டாக்டரைப் பார்த்தாரா, எத்தனை நாள் ஓய்வு, இந்த இரண்டும் தெரிந்தால் நிர்வாகத்துக்குப் போதும். எந்த வாசலுக்குப் போனார் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத சங்கதி.

3. "சரி, எந்த மோசடியைப் பிடிக்கும்? எதைப் பிடிக்காது?"

சுத்தமாக நிற்பது போலிச் சிலிப். போனில் ஆர்டர் கொடுத்து வாங்கும் அச்சடித்த எம்.சி.யில் எவ்வளவு அழகான முத்திரை இருந்தாலும் ஸ்கேன் செய்த உடனே விழுந்துவிடும். உண்மையான சிலிப்பில் 1 நாளை 4 நாளாகத் திருத்துவதும் அப்படியே, ஏனென்றால் கையொப்பம் சிலிப்பில் உள்ள எழுத்துகளோடு பிணைந்தது. ஆள் போகாமலே கிளினிக் பில் போடுவதைக் கடினமாக்கலாம் (9ஆம் கேள்வி). ஒரே செலவை இரண்டு இடத்தில் கேட்பதையும் பிடிக்கலாம் (10ஆம் கேள்வி).

பிடிக்காதது, டாக்டரே சொல்லும் பொய். அதற்கு 15ஆம் கேள்வி வரை பொறுங்கள்.

4. "இப்பவே சில எம்.சி.யிலே கியூஆர் இருக்கே, அது போதாதா?"

அந்தக் கட்டங்களில் பல ஓர் இணையதள முகவரிதான். ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறந்து 'இந்தச் சான்றிதழ் செல்லும்' என்று பச்சையில் காட்டும். போலி தயாரிப்பவன் தன் சொந்தப் பக்கத்துக்குக் கியூஆர் போட்டு, அதே பச்சையைக் காட்ட அரை மணி நேரம் ஆகாது. முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்கும் கிராணியை நான் இதுவரை பார்த்ததில்லை.

குழுக் கையொப்பத்தில் கியூஆருக்குள் இருப்பது முகவரி இல்லை, கையொப்பமே. சரிபார்க்கும் வேலை கிராணியின் போனில் நடக்கிறது. யார் யாருடைய சிலிப்பை எப்போது சோதித்தார்கள் என்று எந்த நிறுவனத்தின் கணினியிலும் பதிவு சேராது. முக்கியமாக, இப்போதைய கியூஆர் கிளினிக் பெயரைத் தூக்கிக் காட்டுகிறது, அதனால் 2ஆம் கேள்வியின் பிரச்சினை அப்படியே நிற்கிறது.

5. "எல்லா டாக்டருக்கும் ஒரே சாவியைக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சதே லா?"

மறைப்பு கிடைக்கும், பொறுப்பு போய்விடும். ஒரே சாவி ஆயிரக்கணக்கான கையில் இருந்தால் யாரோ ஒருவரிடமிருந்து கசியும். கசிந்த பிறகு யாரிடமிருந்து என்று சொல்ல வழி இல்லை. சாவியை மாற்றினால் எல்லாரும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், பழைய சிலிப் எதையும் நம்ப முடியாது. குழுக் கையொப்பத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் தனித்தனி இரகசியச் சாவி. சரிபார்ப்பவர் வைத்திருக்கும் பொதுச் சாவி மட்டும் ஒன்றே ஒன்று.

6. "உள்ளே என்னதான் நடக்குது? கணக்கு வேண்டாம், புரியற மாதிரி சொல்லுங்க."

முதலில் சேர்வது. டாக்டர் தன் போனிலோ அட்டையிலோ ஓர் இரகசிய எண்ணை உண்டாக்குகிறார் (5இல் சொன்ன இரகசியச் சாவி இதுதான்). அது அங்கிருந்து வெளியே போகாது. அந்த எண்ணை வெளியே சொல்லாமலே, அதன் மேல் பதிவு அமைப்பின் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறார். அதுதான் உறுப்பினர் சான்று. நம் நாட்டில் மருத்துவர்களைப் பதிவு செய்வது மலேசிய மருத்துவ மன்றம், ஆகவே இந்த வேலைக்குப் பொருத்தமான இடம் அதுதான்.

அப்புறம் கையெழுத்திடுவது. சான்றை அப்படியே காட்டினால் ஆள் தெரிந்துவிடும், அதனால் காட்டுவதில்லை. 'மன்றம் கையெழுத்திட்ட சான்று ஒன்று என்னிடம் உண்டு, அதற்குரிய இரகசிய எண்ணும் எனக்குத் தெரியும்' என்பதை, இரண்டில் எதையும் வெளியிடாமல் நிரூபிக்க ஒரு கணித வழி இருக்கிறது. கோல்ட்வாசர், மிக்காலி, ராக்கோஃப் மூவரும் 1985இல் முன்வைத்த எண்ணம் இது. நோயாளி பெயர், தேதி, ஓய்வு நாட்கள் எல்லாம் இந்த நிரூபணத்தின் கணக்கிலேயே சேர்க்கப்படுவதால், ஓர் எழுத்து மாறினாலும் நிரூபணம் பொய்த்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணைச் சேர்ப்பதால், ஒரே டாக்டர் கொடுத்த இரண்டு சிலிப்பைப் பக்கத்தில் வைத்தாலும் ஒரே கை என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையொப்பத்துக்குள்ளேயே டாக்டரின் அடையாளம் ஒரு பூட்டிய பெட்டியில் போகிறது, திறப்பாளரின் சாவிக்கு மட்டுமே அது திறக்கும். டாக்டர் வேறு யாருடைய பெயரையாவது, அல்லது வெறும் குப்பையை, பெட்டிக்குள் போட்டுவிட்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது தன் சான்றுக்குரிய அடையாளமேதான் என்பதும் அதே நிரூபணத்தின் ஒரு பகுதி. பெட்டியைத் திறக்காமலே, உள்ளே சரியான பெயர்தான் இருக்கிறது என்று கிராணியின் போன் சொல்லிவிடும்.

7. "இது புதுசா கண்டுபிடிச்சதா? நம்பலாமா?"

புதிது இல்லை. 1991இல் டேவிட் சௌம், யூஜின் வான் ஹெய்ஸ்ட் இருவரும் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். ஆரம்பக் காலத்து முறைகளில் கூட்டம் பெருகப் பெருகச் சாவியோ கையொப்பமோ பருத்தது. நாடு முழுக்க உள்ள மருத்துவர்களுக்கு அது சரிப்படாது. 1997இல் யான் கமேனிஷும் மார்க்கஸ் ஸ்டாட்லரும் கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அளவு மாறாத முறையைக் கொடுத்தார்கள். 2004இல் போனே, போயன், ஷாக்கம் மூவரும் கையொப்பத்தை 200 பைட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

கணினிகளில் இருக்கும் டி.பி.எம். பாதுகாப்புச் சில்லுக்காக இதன் நெருங்கிய உறவுமுறை ஒன்று 2004இலேயே வடிவமைக்கப்பட்டது. அதில் திறப்பாளர் கிடையாது என்பது ஒரு முக்கிய வேறுபாடு. 2013இல் ஐ.எஸ்.ஓ. 20008 என்ற பன்னாட்டுத் தரமும் வந்தது. கணக்கு முதிர்ந்துவிட்டது, நிர்வாகம்தான் பாக்கி.

8. "எங்க தோட்ட ஆபீஸ்லே லைனே கிடைக்காது. எப்படிச் சரிபார்க்கிறது?"

லைன் வேண்டாம். இன்றைய பாதுகாப்பு அளவுக்கு, போனே மூவரின் அந்த 2004 முறையில் ஒரு கையொப்பம் 350 பைட்டுக்குள் அடங்கும். ஒரு கியூஆர் கட்டம் அதிகபட்சம் 2,953 பைட் கொள்ளும். கையொப்பம், பெயர், தேதி எல்லாம் போக இடம் மிச்சம். கிராணியின் போனில் குழுவின் பொதுச் சாவி ஒருமுறை இறங்கியிருந்தால் போதும்.

இணையம் தேவைப்படுவது ஒன்றுக்கு மட்டும். நீக்கப்பட்ட உறுப்பினர்களின் பட்டியலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் (13ஆம் கேள்வி). டவுனுக்குப் போகும்போது செய்துகொள்ளலாம்.

9. "டாக்டர் பேரை மறைச்சா கிளினிக்குக்கு யார் காசு கொடுப்பா? நான் போகாமலே என் பேர்லே பில் போட்டா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஒரு கிராணி. இதைக் கேட்ட பிறகுதான் பலருக்கு முழுப் படமும் தெளிந்தது. இங்கே இருப்பது ஒரு காகிதம் இல்லை, இரண்டு. எம்.சி. முதலாளிக்குப் போகிறது, பில் பணம் கட்டும் நிறுவனத்துக்குப் போகிறது. முதலாளிக்குத் தொழிலாளியின் பெயர் வேண்டும், டாக்டர் பெயர் வேண்டாம். பணம் கட்டுபவருக்குக் கிளினிக் பெயர் வேண்டும், தொழிலாளியின் பெயர் வேண்டாம். சலுகை உள்ள ஒருவர் என்று தெரிந்தால் போதும். ஆகவே எம்.சி.யில் டாக்டர் குழுக் கையொப்பம் போடுகிறார். பில்லில் கிளினிக் தன் பெயரிலேயே சாதாரண டிஜிட்டல் கையொப்பம் போடுகிறது, கூடவே நோயாளி தன் போனிலோ அட்டையிலோ உள்ள இரகசிய எண்ணைக் கொண்டு தன் குழுவின் கையொப்பத்தைப் போடுகிறார். பேனல் சலுகை உள்ள தொழிலாளர்களும் குடும்பத்தாரும் அந்த இரண்டாவது குழு.

ஆள் வராத பில் இங்கேதான் அடிபடுகிறது. நோயாளியின் இரகசிய எண் கிளினிக்கிடம் இல்லை, அதனால் அவர் வராமல் அவர் கையொப்பத்தை உண்டாக்க முடியாது. தேதியும் தொகையும் கையொப்பத்துக்குள் போவதால் 45 வெள்ளியைப் பிறகு 145 ஆக்கவும் முடியாது.

ஓட்டைகள் உண்டு. 'மிஷின் சரியில்லை, இன்னொரு தடவை அழுத்துங்க' என்று இரண்டு கையொப்பம் வாங்கலாம். அதனால் அழுத்துவதற்கு முன் தொகை நோயாளியின் திரையில் தெரிய வேண்டும், கிளினிக் திரையில் தெரிவதை நம்பக்கூடாது. அட்டையைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புவதையும் கணிதம் தடுக்காது. 2001இல் வந்த மைகாட் அடையாள அட்டையின் சில்லில் கைரேகை இருக்கிறது, அதோடு சேர்த்தால் ஓரளவு அடைக்கலாம். போன் பழக்கம் இல்லாத பாட்டிமாருக்கு அட்டைதான் சரி. போன் மட்டும் என்று கட்டாயப்படுத்துகிற எந்தத் திட்டமும் லயத்தில் எடுபடாது.

10. "பேரே தெரியாட்டி, ஒரே ஆள் ரெண்டு இடத்திலே கிளெய்ம் பண்ணினா எப்படித் தெரியும்?"

கையொப்பத்தோடு ஒரு குறியீட்டையும் சேர்க்கலாம். கையெழுத்திடுபவரின் இரகசிய எண்ணையும், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு தலைப்பையும் வைத்துக் கணக்கிடுவது அது. தலைப்பு 'இந்த மாதம், வெளிநோயாளி பில்' என்று இருக்கலாம். ஒரே ஆள், ஒரே தலைப்பு என்றால் குறியீடும் ஒன்றே. தலைப்பு மாறினால் குறியீடு முற்றிலும் வேறு, இரண்டையும் இணைக்க வழி இல்லை. இரண்டு காப்புறுதி நிறுவனங்கள் ஒரே தலைப்பைப் பயன்படுத்தினால், ஒரே குறியீடு இரண்டு பக்கமும் ஒரே தேதியில், ஒரே தொகைக்கு வந்திருப்பதைப் பெயர் தெரியாமலே பார்த்துவிடலாம்.

தலைப்பின் நீளத்தில்தான் விஷயம் இருக்கிறது. மாதம் என்றால் அடுத்த மாதம் கணக்கு புதிதாகத் தொடங்கும். வருடம் என்று வைத்தால் பெயர் இல்லாவிட்டாலும் ஒருவரின் வருடம் முழுக்க உள்ள மருத்துவக் கதை ஒரே வரிசையில் கோத்துக் கிடக்கும். அதைப் பார்த்து ஆளை ஊகிப்பது கஷ்டமே இல்லை.

11. "அந்தத் திறக்கிற சாவி யார் கையிலே இருக்கும்?"

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்வியையும் விட இது பெரிது. கணிதம் 'ஒரு திறப்பாளர் இருப்பார்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. யார் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தோட்ட நிர்வாகத்திடமோ பணம் கட்டும் நிறுவனத்திடமோ சாவி இருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். தினமும் திறந்து பார்ப்பார்கள்.

உறுப்பினரைச் சேர்ப்பவரும் கையொப்பத்தைத் திறப்பவரும் வேறு வேறாக இருக்கலாம் என்று 2005லேயே முறைப்படுத்திவிட்டார்கள். திறக்கும் சாவியைப் பங்காகவும் பிரிக்கலாம். ஆதி ஷமீர் 1979இல் காட்டிய இரகசியப் பங்கீடுதான் இதற்கு அடிப்படை. மருத்துவ மன்றத்துக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, தொழிலாளர் தரப்புக்கு ஒன்று என்று கொடுத்து, மூன்றில் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைப்பது என் விருப்பம். முழுச் சாவியும் ஒரே கணினியில் ஒரு நொடிகூடச் சேராமல் திறக்க முடியும். ஒரு சிலிப்பைத் திறந்தால் அந்த ஒன்று மட்டுமே திறக்கும், மற்றவை பூட்டியபடியே இருக்கும். ஒவ்வொரு திறப்பும் காரணத்தோடு பதிவாக வேண்டும், ஒரு தவணைக்குப் பிறகு சம்பந்தப்பட்ட நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும்.

12. "சாவி வச்சிருக்கறவங்க சேர்ந்துகிட்டு வேண்டாத டாக்டர் மேலே பழி போட்டா?"

நல்ல முறை என்றால் முடியாது. திறப்பாளர் 'இவர்தான்' என்று வாயால் சொன்னால் செல்லாது. சரியாகத் திறந்ததற்கு ஒரு கணித நிரூபணமும் கொடுக்க வேண்டும், அதை யாரும் சரிபார்க்கலாம். டாக்டரின் இரகசிய எண் மன்றத்திடமும் இல்லை என்று 6இல் சொன்னேன் அல்லவா, அதனால் மன்றமும் திறப்பாளரும் கூட்டுச் சேர்ந்தாலும் அவர் பெயரில் திறக்கும் கையொப்பத்தை உண்டாக்க முடியாது. எல்லா முறைகளும் இந்த உறுதியைத் தருவதில்லை. மென்பொருள் விற்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது. இரகசிய எண்ணை 'நாங்களே உருவாக்கித் தருகிறோம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

13. "டாக்டர் போன் தொலைஞ்சு போச்சு, இல்லே ஓய்வு எடுத்துக்கிட்டார். அப்புறம்?"

நம் நாட்டில் மருத்துவர்கள் தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உறுப்பினர் சான்றையும் அதோடு காலாவதியாகும்படி வைத்தால் ஓய்வு பெற்றவர் தானாக விலகிவிடுவார். போன் திருட்டுக்கு ஆண்டு முடியும்வரை காத்திருக்க முடியாது, அதற்குத்தான் நீக்கப் பட்டியல்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எளிய முறைகளில், ஒருவரைப் பட்டியலில் போட்டவுடன் அவர் முன்பு கொடுத்த சிலிப்புகளும் 'அவருடையவை' என்று வெளிச்சத்துக்கு வந்துவிடும். போனைத் தொலைத்தது டாக்டர், அம்பலமாவது அவருடைய பழைய நோயாளிகள். நீக்கம் அந்தத் தேதியிலிருந்து முன்னோக்கி மட்டும் செல்லும்படி செய்யும் முறைகளும் இருக்கின்றன. மருத்துவத்துக்கு அவைதான் வேண்டும்.

14. "நம்ம டவுன்லே கிளினிக்கே கொஞ்சம்தான். ஊகிச்சிட மாட்டாங்களா?"

குழுவில் சுங்கை சிப்புட் டாக்டர்கள் மட்டும் இருந்தால் நிச்சயம் ஊகிப்பார்கள். அதனால்தான் குழு நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். பேனல் டாக்டர் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று தோட்டம் கேட்டால், 'பேனலில் உள்ளவர்' என்ற தகுதியை மட்டும் நிரூபிக்கலாம். பேனலில் இரண்டு கிளினிக்தான் என்றால் அந்த ஒரு வார்த்தையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

கையொப்பத்தைச் சுற்றியுள்ளவை இன்னும் ஆபத்து. சிலிப் எண்ணின் தொடர், எழுத்துரு, காகிதத்தின் நிறம் எல்லாமே கிளினிக்கைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே நாடு முழுக்க ஒரே மாதிரிச் சிலிப் வேண்டும். 9இல் சொன்ன இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வந்தால் தேதியை வைத்து இணைத்துவிடலாம். திங்கட்கிழமை எம்.சி. எடுத்தவர் ஒருவர், திங்கட்கிழமை பில் அனுப்பிய கிளினிக் ஒன்று, முடிந்தது கதை. தோட்டமே நேரடியாகப் பணம் கட்டினால் இது நடக்கும். பில்லை வெளி நிறுவனம் பார்த்து, தோட்டத்துக்கு மாத மொத்தத் தொகையை மட்டும் அனுப்ப வேண்டும்.

15. "டாக்டரே காசு வாங்கிக்கிட்டு எம்.சி. கொடுத்தா உங்க கணக்கு என்ன செய்யும்?"

ஒன்றும் செய்யாது. யார் எழுதியது என்பதைத்தான் கையொப்பம் உறுதி செய்யும், எழுதியது உண்மையா என்பதை அது அறியாது. இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 'அந்த கிளினிக் சிலிப் மட்டும் எப்பவும் திங்கட்கிழமை வருதே' என்று இன்று கிராணி கண்ணால் பிடிக்கிறார். பெயர் மறைந்தால் அந்தக் கண்ணும் மறைந்துவிடும். இந்த முறையை ஆதரிப்பவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

10இல் சொன்ன குறியீட்டை டாக்டருக்கும் வைக்கலாம். தலைப்பு 'இந்தத் தோட்டம், இந்த மாதம்'. அப்போது பெயர் தெரியாத ஒரே டாக்டரிடமிருந்து ஒரே மாதத்தில் 30 சிலிப் வந்திருப்பது தெரியும். அதை எடுத்துக்கொண்டு திறப்பாளர்களிடம் போகலாம். பிடிபட்டவரின் சிலிப்புகளை மட்டும் தேடி எடுத்து, மற்ற டாக்டர்களுடையதைத் தொடாமல் விடும் முறையும் 2004இலேயே வந்துவிட்டது. ஆனால் குறியீடு வைத்த அளவுக்கு மறைப்பு குறையும். மாதந்தோறும் டயாலிசிஸ் நிலையச் சிலிப் கொடுக்கும் மூன்று பேருக்கும் ஒரே குறியீடு வந்தால், ஒருவரைத் தெரிந்தவர் மற்ற இருவரையும் தெரிந்துகொள்வார். மோசடியா, அந்தரங்கமா என்று இங்கே ஒரு பேரம் இருக்கிறது. சின்னத் தோட்டத்துக்கு இந்தக் குறியீடு வேண்டாம் என்பது என் கட்சி.

16. "ரிங் சிக்னேச்சர்னு ஒண்ணு படிச்சேன். அது இன்னும் நல்லது இல்லையா?"

2001இல் ரிவெஸ்ட், ஷமீர், டவ்மான் கொண்டுவந்தது. அதில் சேர்ப்பவரும் இல்லை, திறப்பவரும் இல்லை. இரகசியத்தை வெளியே சொல்ல நினைக்கும் அதிகாரிக்கு அது அருமை. போலி எம்.சி. கொடுத்தவரைப் பிடிக்க வழியே இல்லாத முறையை எம்.சி.க்கு வைக்க முடியாது.

17. "பிளாக்செயின் வேணுமா?"

வேண்டாம்.

18. "சட்டம் இதை ஒத்துக்குமா?"

இப்போதைக்குச் சிரமம். 1997ஆம் ஆண்டு டிஜிட்டல் கையொப்பச் சட்டம், கையெழுத்திட்டவரின் பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்ப்பதையே டிஜிட்டல் கையொப்பம் என்கிறது. இங்கே பொதுச் சாவி குழுவுடையது, ஆளுடையது இல்லை. 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டமும் கையொப்பம் ஆளைப் போதுமான அளவு அடையாளம் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. தேவைப்படும்போது திறந்து காட்ட முடியும் என்பதால் போதும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். நீதிமன்றம் ஏற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு இன்னொரு முடிச்சு. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், 5 ஆண்டுக்குக் குறைவு என்றால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். முதலாளி நியமித்த மருத்துவர் இருந்தால் அவரிடம்தான் போக வேண்டும், அவர் கிடைக்காத நிலையில் வேறு பதிவு பெற்ற மருத்துவரிடம் போகலாம். ஆகவே எந்த வகை டாக்டர் என்று கேட்க முதலாளிக்கு உரிமை இருக்கிறது. 14இல் சொன்ன 'பேனலில் உள்ளவர்' என்ற தகுதி நிரூபணம் இதற்குப் பதில் சொல்லும், அங்கே சொன்ன ஓட்டையோடுதான்.

19. "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் உடைஞ்சிடும்னு சொல்றாங்களே?"

7இல் சொன்ன முறைகள் உடையும். பீட்டர் ஷோர் 1994இல் காட்டிய வழி அவற்றின் அடித்தளத்தையே அறுக்கிறது. எம்.சி.யின் விஷயத்தில் போலி பற்றிக் கவலை குறைவு. அப்படி ஒரு கணினி வந்த பிறகு, வருடக்கணக்கில் பழைய சிலிப்பைப் போலியாக உண்டாக்கி யாருக்கு என்ன லாபம்? கவலை மறைப்பைப் பற்றியது. இன்று கோப்பில் போட்ட சிலிப்பின் பூட்டிய பெட்டியை அன்று திறப்பாளர் இல்லாமலே திறக்கலாம். மனநலச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு இருபது வருடம் கழித்தும் அது இரகசியம்தான்.

பின்னல் (lattice) கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட குவாண்டம் தாங்கும் குழுக் கையொப்பங்கள் 2010 முதல் வந்துகொண்டிருக்கின்றன. அளவுதான் இடிக்கிறது. பல்லாயிரம் பைட் போகும், 8இல் சொன்ன கியூஆருக்குள் அடங்காது. அதுவரை மலிவான தற்காப்பு ஒன்று உண்டு. சம்பளக் கணக்கு முடிந்து, சட்டம் கேட்கும் காலமும் முடிந்தால், சிலிப்பின் கியூஆரை அழித்துவிட்டு நாள் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்வது.

20. "இதெல்லாம் வர்றப்போ வரட்டும். நாளைக்கு ஒரு சந்தேகச் சிலிப் வந்தா நான் என்ன செய்ய?"

சிலிப்பில் அச்சடித்த நம்பருக்குப் போன் போடாதீர்கள். போலி தயாரிப்பவன் தன் கூட்டாளியின் நம்பரையும் அச்சடிப்பான். கிளினிக்கின் நம்பரை வேறு வழியில் தேடி எடுத்து அழையுங்கள். டாக்டர் பெயர் மருத்துவ மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். கிளினிக்கிடம் 'இந்த எண்ணுள்ள சிலிப், இந்தத் தேதி, இத்தனை நாள், நீங்கள் கொடுத்ததா?' என்று மட்டும் கேளுங்கள். என்ன நோய் என்று கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. போலி என்று உறுதியானால் மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) சொல்லிப் பரப்பாமல் நேராக மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் 471ஆம் பிரிவில் வருகிறது. அதில் அகப்படுவது சிலிப்பை விற்றவன் இல்லை, 50 வெள்ளி கொடுத்து வாங்கி நீட்டிய நம் ஆள்தான்.